நாயாற்றுக் கருவாடு

தண்ணீரூற்று
07.02.2005

அன்புள்ள தங்கச்சி விமலேசுக்கு,

நீங்களும் தம்பி யோகலிங்கமும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அல்லாஹ்வைக் கேட்கிறேன். தவராசாவின் ட்ரக்டரில் நீங்கள் அனுப்பிய அரிசி கிடைத்தது. சுனாமியாகக் கடல் வந்த நாளிலிருந்து பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறோம். மண்ணெண்ணெய் இல்லை. ஈர விறகை ஊதி ஊதிக் கண் போய்விட்டது. பஸ் எப்போது ஓடுமென்று யாருக்கும் தெரியாது. கடல் கொண்டுபோன எங்கள் மகள் நஸீஹாவின் மையித்து இன்னும் கிடைக்கவில்லை. அவளின் வாப்பா கலந்தர் ஒவ்வொரு நாளும் கரைக்குப் போய் வெறுங்கையோடு வருகிறார்.

எத்தனை நாளைக்கு உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பது? வெட்கமாயிருக்கிறது. நாயாற்றுக் கடற்கரையில் மிஞ்சிய தோணியொன்று கடலுக்குப் போனது. மீனை வாங்கத்தான் ஆளில்லை. கொஞ்சம் எடுத்து நானே கருவாடு போட்டேன். பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுங்கள்.

அன்புடன்,
ஸக்கியா அக்கா


முரசுமோட்டை
15.02.2005

அன்புள்ள ஸக்கியா அக்காவுக்கு,

கருவாடு பத்திரமாக வந்து சேர்ந்தது. கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். மகன் செந்தூரன் சட்டியையே வழித்துத் தின்றான்.

இங்கும் டீசல் இல்லை. அறுத்த நெல்லைச் சூடடிக்க மாடு தேடி இவர் ஊரெல்லாம் அலைகிறார். புது நெல்லைக் குற்றியதும் இன்னும் அரிசி அனுப்புகிறேன். நீங்கள் ஒன்றும் அனுப்பிக் கஷ்டப்பட வேண்டாம்.

உங்கள்
விமலேஸ்வரி


தண்ணீரூற்று
26.02.2005

அன்புள்ள விமலேசுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தக் கருவாட்டை நாங்கள் வாயில் வைக்கவில்லை. கடலில் போனவர்களைத் தின்ற மீன் என்று சனம் கதைக்கிறது. எனக்கும் அதே நினைப்புத்தான். கொடுக்க வேறொன்றும் இல்லாமல், நாங்கள் தின்னாததை உங்களுக்கு அனுப்பிவிட்டுக் கூசிப்போயிருந்தேன்.

உங்கள் பிள்ளைகள் சாப்பிட்டதை வாசித்த பிறகுதான் மனம் தெளிந்தது. அன்றைக்கே அடுப்பில் வைத்தேன். கலந்தர் முதல் கவளத்தில் அழுதார், பிறகு சாப்பிட்டார். இப்போது இங்கே யார் முகம் சுழித்தாலும், “முரசுமோட்டையில எங்கட விமலேசின்ர பிள்ளையளே தின்னுதுகள், உங்களுக்கு என்ன?” என்று கேட்டுவிடுகிறேன். கடற்கரைச் சனமும் பிழைக்க வேண்டுமே.

இத்துடன் இன்னொரு பொதி வருகிறது.

அன்புடன்,
ஸக்கியா அக்கா


முரசுமோட்டை
06.03.2005

அன்புள்ள அக்கா,

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நாங்கள் சாப்பிடவில்லை.

முதல் பொதியை அவிழ்த்ததும் உங்கள் மகளின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. நாய்க்குப் போடச் சொன்னார் இவர். அதற்கும் மனம் வரவில்லை. கிணற்றுக்கு அப்பால் வேம்படியில் குழி வெட்டினேன். “நஸீஹா, என்னை மன்னிச்சுக்கொள் குஞ்சு” என்று சொல்லித்தான் மண்ணைத் தள்ளினேன். பிறகு குசினிக்குள் அடுப்படியில் இருந்துகொண்டு, குழம்பு வைத்ததாக உங்களுக்கு எழுதினேன்.

நீங்கள் நோகக்கூடாதென்று எழுதிய பொய் அது. அதை நீங்கள் ஊருக்கே சாட்சியாகச் சொல்லுகிறீர்கள். நான் தின்னக் கூசியதை உங்களைத் தின்ன வைத்துவிட்டேன், அக்கா. இரண்டாவது பொதி அலுமாரிக்கு மேலே அப்படியே இருக்கிறது. சமைக்கவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை.

இனி என்னோடு கதைக்காமல் விட்டாலும் குறை சொல்லமாட்டேன்.

வெட்கத்தோடு,
விமலேஸ்வரி


தண்ணீரூற்று
20.03.2005

விமலேஸ்,

உங்கள் கடிதம் கிடைத்தது. கோபம்தான். இங்குள்ள பெண்களின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கலந்தருக்கு இன்னும் சொல்லவில்லை.

என் பிள்ளையை அடக்க உடல் கிடைக்கவில்லை, அவளுக்கென்று ஒரு கபுறும் இல்லை. பெயர் சொல்லி ஒரு பிடி மண் போட எங்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நீங்கள் போட்டிருக்கிறீர்கள்.

பஸ் ஓடத் தொடங்கியதும் வருகிறேன். எனக்கென்று ஒன்றும் சமைக்க வேண்டாம். அந்தப் பொதியை எறியாமல் வைத்திருங்கள். வேம்படியைக் காட்டினால் போதும், அதையும் அங்கே வைத்து நானும் மண் போட வேண்டும்.

ஸக்கியா