பழுதான அறையில் புஷ்பா

ஜூன் 3, 2024

நான்காம் மாடி முழுக்க இன்று செக்-அவுட். ஏதோ ஒரு டூர் கூட்டம் டுரியான் பழம் தின்றுவிட்டுத் தோலைக் குளியல் தொட்டியில் போட்டுப் போயிருக்கிறது. தலை சுற்றுகிற நாற்றம். எஸ்பிஎம் பரீட்சை முடித்த பிள்ளைகளுக்கு ஹோட்டலில்தான் எதிர்காலம் என்று செர்டாங் மண்டபத்தில் ஒரு அம்மா படம் போட்டுக் காட்டினாள். படத்தில் எல்லாரும் சிரித்தார்கள். ஒருத்தரும் கக்கூஸ் கழுவவில்லை. அதை நம்பித்தானே நானும் புஷ்பவள்ளியும் கூலிமில் இந்த ஹோட்டலுக்கு வந்தோம்!

புஷ்பா இன்று கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டிருந்தாள். பெட்ஷீட்டைச் செருகக் குனிந்தபோது காலர் விலகியது. நான்கு விரல் தடம், கருநீலமாய். கேட்டேன்.

"வழுக்கி விழுந்துட்டேன்டி."

கழுத்தால் வழுக்கி விழுகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். எல்லாம் அந்தக் காளிதாசன் வேலை. அவள் புருஷன். எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். கல்யாணத்தில் நான்தான் அவளுக்குத் தோழி. அன்றைக்கு அவனுக்குச் சோடா வேறு ஊற்றிக் கொடுத்தேன்.

ஜூன் 6

விலாவில் மிதித்திருக்கிறான். அவளால் மெத்தையைத் தூக்க முடியவில்லை, எல்லாவற்றையும் நானே தூக்கினேன். அவன் கையை ஒடிக்கணும். ரெண்டையும்.

ஜூன் 9

நேற்று பாராங்கத்தியைக் கழுத்தில் வைத்திருக்கிறான். எதற்கு? ஹோட்டல் வேலைக்குப் போகிறவள் எந்த ரூமில் எவனோடு இருந்தாள் என்று சொல்லணுமாம். புஷ்பா அப்பா வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். அவர் அவளைத் திரும்ப மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கொண்டுபோய் அவனிடமே விட்டிருக்கிறார். "அனுசரிச்சுப் போம்மா" என்றாராம். அவரையும் நான் ஒரு அறை அறைவேன், வயசானவர் என்று பார்க்கமாட்டேன்.

இன்று வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. பெட்ஷீட் அடுக்குகிற லினன் அறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். என் வீட்டுக்குக் கூட்டிப்போனால் அரை மணியில் வந்து நிற்பான். வேறு எங்கே?

417ஆம் அறை இருக்கிறது. ஏர்கோன் ஒழுகி, "பழுது" என்று கணினியில் போட்டுவிட்டார்கள். பாகம் வரும்வரை விருந்தாளி கிடையாது, கூட்டக்கூட யாரும் போவதில்லை. என் கார்டால் திறந்து அவளை உள்ளே விட்டேன். தலையணை கொடுத்தேன். கேண்டீனிலிருந்து நாசி லெமாக் சோறு கொண்டுபோனேன். படுத்த உடனே செத்தவள் மாதிரி தூங்கிவிட்டாள்.

வேலை போனால் போகட்டும்.

ஜூன் 10

விலாவைப் பிடித்துக்கொண்டாவது சிரிக்கிறாள். "இந்த மெத்தைய நாம நூறு தடவ போட்டிருப்போம், இன்னிக்குத்தான்டி படுத்துப் பாக்குறேன்" என்றாள்.

ஜூன் 11

எழுதித்தான் ஆகணும்.

இந்தப் பைத்தியக்காரி 417 கதவில் "தொந்தரவு செய்ய வேண்டாம்" அட்டையை மாட்டிவிட்டாள்! தினமும் நாங்கள் அந்த அட்டையைப் பார்த்துத்தானே திரும்பிப் போகிறோம், அது தொங்கினால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று நினைத்துவிட்டாள். ஆளே இல்லாத பழுது அறையில் அட்டை தொங்கினால்? சூப்பர்வைசர் மிஸ் தர்மிளா ரவுண்ட் வந்தவர் நேராகக் கதவைத் திறந்துவிட்டார்.

மிஸ் கத்தவில்லை. புஷ்பாவின் கழுத்தைப் பார்த்தார், தண்ணீர் கொடுத்தார். அப்புறம் செய்தாரே ஒரு காரியம் – புருஷனுக்குப் போன் போட்டு வந்து கூட்டிப்போகச் சொன்னார்.

"ஏன் மிஸ் அவனக் கூப்புட்டீங்க?"

"குடும்பத்துக்குச் சொல்லாம வேற யாருக்குச் சொல்றது, லோகேஸ்வரி? மனசு விட்டுப் பேசினா சரியாயிடும்."

அவன் பேச வரவில்லை. பின்பக்க சர்வீஸ் லிஃப்ட் வழியாக மேலே வந்தான். வந்த வேகத்தில் அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து லிஃப்ட் கதவில் மோதினான். ஒரு தடவை. ரெண்டு தடவை. துண்டு வண்டி கவிழ்ந்தது. வெள்ளைத் துண்டெல்லாம் ரத்தம். "ரூமு கேக்குதாடி ஒனக்கு, ரூமு?" மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார். செக்யூரிட்டி, "அண்ணே, வேணாண்ணே" என்று தள்ளி நின்று கெஞ்சுகிறான். என்னடா அண்ணே? எவனுக்குடா அவன் அண்ணன்?

என் கையில் 409க்கு மாற்ற வேண்டிய இஸ்திரிப் பெட்டி இருந்தது. ஒயரைக் கையில் சுற்றியிருந்தேன். வீசினேன். தாடையில் விழுந்தது. காய்ந்த விறகு முறிகிற சத்தம். அவன் அப்படியே துண்டுக் குவியல் மேல் உட்கார்ந்தான். வாய் ஒரு பக்கமாகத் தொங்கியது.

இன்னொரு தடவையும் ஓங்கினேன். புஷ்பாதான் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 12

போலீஸ் ஸ்டேஷனில் புஷ்பா சொன்னது: "தரை ஈரமா இருந்துச்சு சார். ரெண்டு பேரும் வழுக்கி விழுந்துட்டோம்."

நெற்றியில் தையல் போட்டுக்கொண்டு அப்படிச் சொல்கிறாள்! என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். தாடை ரெண்டு இடத்தில் முறிவு, மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் சேர்த்துக் கம்பி கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. போலீஸ்காரர் பேனாவும் காகிதமும் நீட்டினாராம். அவன் எதுவும் எழுதவில்லை. மிஸ்ஸும் செக்யூரிட்டியும் எதையும் பார்க்கவில்லையாம். ஹோட்டல் பேர் கெடக்கூடாதல்லவா. கேஸே இல்லை.

அவளுக்காகத்தானே அடிச்சேன்? அவனப் புடிச்சு உள்ள போட ஒரு வார்த்த போதுமே, ஏன்டி சொல்லல? அவனோட வீட்டுக்குப் போறியாமே. போ. போய்ச் சாவு.

ஜூன் 13

வேலை போயிற்று. துவைத்து மடித்திருந்த யூனிபார்மை அம்மாவே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஜூலை 7

புஷ்பா போன் செய்தாள். மூன்று தடவை எடுக்கவில்லை. நாலாவதாக எடுத்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் திட்டினேன். முடியும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"திட்டி முடிச்சிட்டியா? நான் உண்மையச் சொல்லியிருந்தா அவன் ரெண்டு நாள்ல வெளிய வந்திருப்பான். நீதான்டி உள்ள இருந்திருப்ப. ஒரு பொம்பளப் புள்ள அடிச்சுத் தாடை போச்சுன்னு அவன் எழுதிக் குடுக்க மாட்டான்னு எனக்குத் தெரியும்லா."

வீடு எப்படி என்று கேட்டேன். கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறானாம். லோரி ஓட்டவில்லை, உடம்பு பாதியாகிவிட்டது, அடிக்க ஓங்கினாலே தாடை வலித்து உட்கார்ந்துவிடுகிறான். இருபத்தைந்தாம் தேதி கம்பியை எடுப்பார்களாம்.

"அதுக்குள்ள நான் கெளம்பணும். லங்காவித் தீவுல ஒரு ரிசோர்ட்ல என்ன வேலைக்கு எடுத்துட்டாங்க. ரூம் வேலதான். தங்குற எடம் அவங்களே குடுக்குறாங்க. அவன ஆஸ்பத்திரி வரிசையில ஒக்கார வெச்சிட்டு அப்படியே பஸ் ஏறிருவேன். மொதல்ல ஒன் வீட்டுக்குத்தான் வருவான். நீ அன்னைக்கு வீட்ல இருக்காத, சரியா?"

சரி என்றேன்.

ஜூலை 25

வீட்டில்தான் இருந்தேன்.

அம்மா வேலைக்குப் போயிருந்தாள். டிவியைச் சத்தமாக வைத்தேன், படுக்கையறையைப் பூட்டினேன், வெளியே வந்து கம்பிக்கதவையும் பூட்டிவிட்டு முன்னால் உட்கார்ந்தேன். குவாலா கெடா படகுத்துறையிலிருந்து லங்காவி ஃபெர்ரி கிளம்ப இன்னும் நேரம் இருந்தது. அவள் இங்கே இல்லை என்று தெரிந்தால் அவன் அடுத்து பஸ் ஸ்டாண்ட், படகுத்துறை என்று தேட ஆரம்பிப்பான். அவனுடைய மச்சான் ஒருத்தன் அந்தத் துறைக்கே பஸ் ஓட்டுகிறான், ஒரு போன் போட்டால் அவளை மறித்து வைத்துவிடுவான்.

வந்தான். எலும்பும் தோலுமாய் இருந்தான். வாய் பாதிதான் திறந்தது.

"எங்க அவ?"

"உள்ளதான் இருக்கா. வரமாட்டா."

"தொறடி."

"சாவி அவகிட்ட இருக்கு."

ஜன்னலில் போய்க் கத்தினான். டிவிதான் பதில் சொன்னது. திரும்பி வந்து என்னை அறைந்தான். கம்பிக்கதவில் தலை இடித்தது. காலடியிலேயே அம்மாவின் தேங்காய் வெட்டும் கத்தி கிடந்தது. அவன் தாடை இன்னும் முழுசாக ஒட்டியிருக்காது, விரலால் தட்டினாலே போதும். என் கை அரித்தது, சத்தியமாய் அரித்தது. ஆனால் பொம்பளை அடி வாங்கினால் லயத்து வரிசை வீடுகளில் எவனும் எட்டிப் பார்க்கமாட்டான், நான் அடித்து அவன் விழுந்தால் எல்லாரும் ஓடி வந்து கதவைத் திறப்பார்கள், அவள் இல்லாதது தெரிந்துவிடும். ரெண்டு கையையும் பின்னால் கொண்டுபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"அவ உள்ள அழுவுறா. கத்தாத" என்றேன்.

மறுபடி அடித்தான். வாயில் குத்தினான். வயிற்றில் மிதித்தான். கீழே விழாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நடுவில் களைத்துப்போய் என் பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினான், பிறகு எழுந்து அடித்தான்.

பைக்குள் போன் அதிர்ந்தது. புஷ்பா. "ஏறிட்டேன், கப்பல் நகருது" என்று மெசேஜ்.

சாவியை எடுத்துக் கம்பிக்கதவைத் திறந்துவிட்டேன். படுக்கையறைச் சாவியையும் அவன் கையில் கொடுத்தேன். உள்ளே போனான். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கிற சத்தம் கேட்டது.

இப்போது அம்மா ஐஸ் ஒத்தடம் கொடுக்கிறாள், திட்டிக்கொண்டே. முன் பல் ஒன்று போய்விட்டது. புஷ்பா கேட்டால் வழுக்கி விழுந்துவிட்டேன் என்று சொல்லணும்.