ஒரே குழாய், ஏகப்பட்ட சுதந்திரம்

மார்ச் 4

இன்று நூற்றுப் பதினாறு அழைப்புகள். அதில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரே கேள்வி: தண்ணீர் எப்போது வரும்? எனக்கென்ன தெரியும்? தண்ணீர்க் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தண்ணீரைத் தவிர எல்லாம் தெரியும். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று குழைவாகச் சொல்லத் தெரியும்.

மேனேஜர் சுவரில் புதுப் பலகை மாட்டியிருக்கிறான். "தேர்வு உங்கள் கையில்." ஊருக்கே ஒரு கம்பெனி, வீட்டுக்கு ஒரு குழாய். எதைத் தேர்ந்தெடுப்பதாம்? குளிக்கலாமா, துவைக்கலாமா என்றா? எதைக் கேட்டாலும் அத்தனை பல்லையும் காட்டுவான். பல்லழகன் என்றே பெயர் வைத்துவிட்டேன்.

மார்ச் 9

சாப்பிடும்போது என் வீட்டுக்காரரோடு வாக்குவாதம். இவர் பிளம்பர். கம்பெனி வந்த பிறகு அவர்கள் தருகிற இணைப்பு வேலையே இவருக்கு ஓயாது.

"கவர்மெண்ட் கையில இருந்தப்போ ஒரு கனெக்‌ஷனுக்கு எட்டு மாசம் நடந்தோமே, மறந்துட்டியா? இப்போ ரெண்டே நாள்ல பைப் போட்டுடறேன். சந்தைன்னு வந்தாத்தான் வேலை நடக்கும்."

மறக்கவில்லை. அந்த ஆபீஸ் குமாஸ்தா ஒரு தடவைகூடத் தலையை நிமிர்த்தியதில்லை. அவன் முகம் தெரியாது, உச்சந்தலைச் சுழி மனப்பாடம். கம்பெனிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, பிறகு இல்லை என்கிறார்கள். முன்னேற்றம்தான்.

"சந்தைன்னா ரெண்டு கடையாவது இருக்கணுங்க. ஒத்தக் கடைக்குப் பேரு சந்தையா?"

"உனக்கு எதுலயும் குத்தம்" என்று கை கழுவ எழுந்து போனார். குழாயில் காற்றுதான் வந்தது.

மார்ச் 10

தண்ணீர் இல்லை.

மார்ச் 11

இன்றும் இல்லை. எதிர்வீட்டு டீச்சர் விழுந்துவிட்டார். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். கீழே தெரு அடிபம்பில் ஒரு வாளி பிடித்துக்கொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறும்போது வழுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு முறிவு.

கட்டோடு உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "காலையில உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேம்மா. அந்தப் பொண்ணு ரொம்ப மரியாதையாப் பேசினா. வேற ஒண்ணும் செய்யல."

இன்று காலை ஷிப்டில் நானும் இருந்தேன்.

மார்ச் 12

பதிவைத் தேடிப் பார்த்தேன். நான்தான் அந்தப் பொண்ணு.

ஒரு நிமிடம் நாற்பது விநாடி பேசியிருக்கிறேன். இணைப்பு எண்ணைத் தட்டினேன், பெயரைப் பார்க்கவில்லை. அவருக்கும் என் ஆபீஸ் குரல் அடையாளம் தெரியவில்லை. அந்தக் குரலை எனக்கே வீட்டில் அடையாளம் தெரியாது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இருபத்து நான்கு மணி நேரத்துக்கு மேல் தண்ணீர் வராவிட்டால் கம்பெனி இலவசமாக லாரி அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் பதினாலாவது விதி. எங்களுக்குத் தந்த தாளில் அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில்: "வாடிக்கையாளர் தாமாகக் கேட்டால் மட்டும்." நாலு வருஷமா எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் நன்றி சொல்லிட்டு இருந்தேன். என் வாயை யாராவது தைச்சா வெச்சிருந்தாங்க?

மார்ச் 15

ஆரம்பித்துவிட்டேன். கூப்பிடுகிற எல்லோரிடமும், "பதினாலாவது விதின்னு சொல்லி லாரி கேளுங்க" என்கிறேன்.

ஒரு பெரியவர் நம்பவில்லை. "நீ கம்பெனி ஆள்தானாம்மா? எங்கேயோ தப்பா லைன் போயிடுச்சா?"

மார்ச் 19

இன்று மட்டும் முப்பத்தொரு லாரி. பல்லழகன் சிரிக்கவில்லை.

மார்ச் 22

வேலை போயிற்று.

அறைக்குக் கூப்பிட்டு என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினான். "மேடம், நீங்க யாரு பக்கம்?"

"போர்டுல எழுதியிருக்கிற பக்கம் சார். கஸ்டமர் தேர்ந்தெடுக்கணும்னா முதல்ல அவங்களுக்கு விஷயம் தெரியணும்ல?"

பல் மூடிக்கொண்டது. வெளியே அனுப்பும்போது மறுபடி திறந்தது: "மார்க்கெட்ல உங்களுக்கு நல்ல வாய்ப்புகள் கிடைக்கும்." இதையும் ஒரு பலகையில் எழுதி மாட்டலாம்.

வீட்டில் இவர் கத்தினார். "என் வேலையையும் பிடுங்கிட்டா என்ன பண்றது? யோசிச்சியா?" யோசிக்கவில்லை. விளக்கை அணைத்த பிறகு, என் பக்கம் திரும்பாமலே கேட்டார்: "டீச்சருக்குக் கை எப்படி இருக்கு?"

ஏப்ரல் 6

பெரிய தெருவில் ஜெராக்ஸ் கடைக்காரர் வாசலில் ஒரு மேசை போட இடம் கொடுத்தார். கம்பெனிக்குப் புகார் மனு எழுதித் தருகிறேன், சின்னக் கூலிக்கு. எந்த விதியைச் சொன்னால் அவர்களுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்தவள் இந்த ஊரில் நான் ஒருத்திதான். காலையிலேயே வரிசை நிற்கிறது. மூக்கைச் சிந்திக்கொண்டு வந்த ஒருவரை, "போய் ரசீதைக் கொண்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்று விரட்டினேன். நிமிர்ந்தே பார்க்கவில்லை.

எழுதிய பிறகுதான் உறைக்கிறது. நிமிர்ந்தே பார்க்கவில்லை.

மே 17

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மேசை போட்டுவிட்டார். கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவராம். நெட்டையாக, சட்டைப் பையில் மூன்று பேனாவோடு. டைப் அடித்தே தருகிறார், பிரதியும் தருகிறார், கூலி என்னுடையதில் பாதி. தண்ணீரைப் பற்றி அந்த ஒட்டடைக்குச்சிக்கு என்ன தெரியும்?

என் வரிசை அங்கே போய்விட்டது.

மே 20

டீச்சரும் அவரிடம் போயிருக்கிறார்! கைக்கு நஷ்டஈடு கேட்க.

"உன்கிட்டதான் வந்திருக்கணும்மா. ஆனா நீ சிடுசிடுன்னு விழறே. அவர் உட்கார வெச்சு முழுசாக் கேட்டார்."

அவர் முகத்தைப் பார்க்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 11

டீச்சருக்கு நஷ்டஈடு கிடைத்துவிட்டது. மனுவின் பிரதியை வாங்கி, தப்புக் கண்டுபிடிக்கவே படித்தேன். ஒரு பிழை இல்லை. முப்பத்தொன்றாவது விதி என்று ஒன்றைப் பிடித்திருக்கிறார்: தண்ணீர் நின்றதால் வரும் காயத்துக்குக் கம்பெனியே பொறுப்பு. நாலு வருஷம் அந்த ஒப்பந்தத்தோடு குப்பை கொட்டியவள், அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை.

வெட்கத்தை விட்டு நோட்டில் எழுதிக்கொண்டேன். கூலியைப் பாதியாக்கினேன். மதியம் ஒரு அம்மா வந்தார். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

நெட்டை அங்கிருந்து எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு பின்னால் இருந்த டீக்கடைக்குள் போய் ஒரு பெஞ்சைத் தூக்கி வந்து, காத்திருப்பவர்களுக்காக நிழலில் போட்டார்.

பாவி மனுஷன். நாளைக்கு நான் பெஞ்சுக்கு எங்கே போவேன்?