சொல்லிக்கொள்ளாமல் போன சிஸ்டருக்கு

அன்புள்ள சிஸ்டர்,

நேற்று நம் மருந்தகத்தைக் காலி செய்தார்கள். கட்டடத்தைத் தக்காளி வியாபாரி ஒருவருக்கு வாடகைக்கு விட்டாயிற்று. காலிக் கூடைகளை அடுக்கி வைக்க அவருக்கு இடம் வேண்டுமாம். எந்தச் சாமானை எடுத்து வைப்பது, எதைத் தூக்கிப் போடுவது என்று காட்டச் சொல்லிப் பங்குச் சாமியார் என்னைக் கூப்பிட்டிருந்தார். மர அலமாரியைச் சாய்த்துத் தூக்கியபோது அதன் பின்னாலிருந்து ஒரு பழுப்புப் பாட்டில் உருண்டு விழுந்து உடைந்தது. டிங்சர். அடியில் கொஞ்சம்தான் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வாசனை எழுந்ததும் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன். கூடை இறக்க வந்த ஆள், "என்னம்மா, கிறுகிறுன்னு வருதுங்களா? தண்ணி குடுக்கட்டுங்களா?" என்று கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினேன். உங்கள் புடவை வாசனை அது என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

நான் இந்த ஊருக்கு மருமகளாக வந்த வருஷம்தான் நீங்களும் வந்தீர்கள். நான் மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறி வந்தேன். நீங்கள் பனி பெய்யும் நாட்டிலிருந்து கடல் தாண்டி வந்தீர்கள். இரண்டு பேரும் புதுசு. எந்த வீட்டில் தண்ணீர் கேட்கலாம், எந்த வீட்டில் வாயைத் திறக்கக் கூடாது என்று இரண்டு பேருக்குமே தெரியாது. பத்தாவது படித்திருக்கிறேன் என்று என்னை உங்களுக்கு ஒத்தாசையாக வைத்தார்கள். ஜனங்கள் சொல்வதை உங்களுக்கும் நீங்கள் சொல்வதை ஜனங்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னடம் கலந்து பேசுவார்கள், அது எனக்கே அரைகுறை. நாம் இரண்டு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு, வலி வயிற்றிலா நெஞ்சிலா என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி வலி அவர்களுக்குத் தானாகவே போயிருக்கும்.

மிஷனரி என்றால் பிரசங்கம் செய்கிறவர் என்று நினைக்கிறார்கள். நீங்கள் பிரசங்கம் செய்து நான் பார்த்ததே இல்லை. கட்டுக் கட்ட வர வேண்டிய ஆள் வராவிட்டால், சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய்விடுவீர்கள். ஏன் வரவில்லை என்று கேட்க மாட்டீர்கள். ஆட்டுக்குட்டியைத் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுக்கிற களியை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு எழுந்து வருவீர்கள். மறுநாள் அந்த ஆள் தானாக வந்து நிற்பார். "மருந்து குடுக்கறது சுலபம் ரோசலி, வூட்ல போய் உக்கார்றதுதான் கஷ்டம்" என்பீர்கள். எங்கள் பேச்சை எங்களிடமே படித்ததால் உங்களுக்கு வீடு கடைசிவரை வூடுதான்.

எங்கள் மாமனார் செத்தபோது நீங்கள் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஊருக்கு வந்த புதிதில் யாரோ உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், தமிழர் வீட்டை விட்டுக் கிளம்பினால் "போயிட்டு வர்றேன்" என்று சொல்ல வேண்டும் என்று. நீங்களும் அழுகிற பெண்களோடு நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, எழுந்து, கும்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி "போயிட்டு வர்றேங்க" என்றீர்கள். ஒப்பாரி நின்றுவிட்டது. இழவு வீட்டில் அந்த வார்த்தையைச் சொன்னால், அடுத்த சாவுக்கும் வருகிறேன் என்று சொன்ன மாதிரி. எங்கள் மாமியார் அழுத கண்ணோடு உங்கள் கையைப் பிடித்து, "எழவு வூட்ல சொல்லிக்காம எந்திரிச்சுப் போவணும் கண்ணு" என்றார். நீங்கள் முகம் சிவந்து போனீர்கள். மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்தீர்கள். கேட்டு முடித்து, வாசல் தாண்டும்போது பழக்க தோஷத்தில் மறுபடியும் "போயிட்டு வர்றேங்க". நான் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்கு ஓடினேன். நீங்களும் பின்னாலேயே வந்து சிரித்தீர்கள். அன்றைக்குத்தான் நீங்கள் எனக்குச் சிநேகிதியானீர்கள்.

அப்புறம் நமக்கு வயதானது. கண்ணாடி ஊசிகளைக் கொதிக்க வைத்த காலம் போய், பிரித்துக் குத்தித் தூக்கிப் போடுகிற ஊசி வந்தது. என் பிள்ளைகள் ஓசூருக்கு வேலைக்குப் போனார்கள். ஒரு கல்லறைத் திருநாளின்போது, சுண்ணாம்பு அடித்த கல்லறைகளுக்கு நடுவே என்னைக் கூட்டிப்போய் புங்கமரத்தடியைக் காட்டினீர்கள். "இது எனக்கு. நெழலு இருக்குது. பக்கத்துல நீ வந்துரு."

"எங்க வூட்டுக்காரரு?"

"அவரு கொறட்ட வுடறாருன்னு நீதான சொன்ன?"

பங்குச் சாமியாரிடமும் சொல்லி வைத்தீர்கள். உங்கள் ஊரில் உங்களுக்கென்று யாரும் மிச்சமில்லை. அம்மா போனார், அக்கா போனார், பிறந்த வீட்டையும் விற்றுவிட்டார்கள். இந்த மண்ணில் படுக்க வேண்டும் என்பதைத் தவிர நீங்கள் உங்களுக்கென்று எதையும் கேட்டு நான் கேட்டதில்லை.

விசாவை இந்த முறை நீட்டிக்கவில்லை என்று தகவல் வந்தபோதுதான் நீங்கள் வெளிநாட்டுக்காரர் என்பது எங்கள் ஊருக்கு ஞாபகம் வந்தது. எங்கள் முட்டாள்தனத்தைப் பாருங்கள். இத்தனை காலம் கூடவே இருந்தவருக்கு இங்கே ஒரு காகிதம்கூட இல்லை என்று யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்து கௌடர் மருந்தகத்துக்கு வந்து, "சிஸ்டர நம்ம வூட்டு ரேஷன் கார்டுல சேத்துக்கறேங்க. எங்க ஆத்தா பேர எடுத்துட்டு அவங்க பேரப் போட்டாப் போச்சு" என்றார். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நீங்கள் அவர் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். காரணம் கேட்டு ஆபீசுக்குப் போனவர்கள் காரணம் கிடைக்காமல் திரும்பி வந்தார்கள்.

பெங்களூருக்குப் போகும் கார் வந்த காலையில் கோயில் வாசலில் ஊரே நின்றது. மாலை வேண்டாம் என்றீர்கள். பாயில் எங்களோடு உட்கார்ந்திருந்தீர்கள். பிறகு எழுந்தீர்கள். கும்பிடவில்லை, யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேராகப் போய்க் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். என் பக்கத்தில் நின்ற பெண், "இத்தன வருசம் இருந்துட்டு, ஒரு வார்த்த சொல்லலியே" என்று குறைப்பட்டாள். நான் அவளுக்கு விளக்கவில்லை. எங்கள் மாமியார் இருந்திருந்தால் புரிந்திருக்கும்.

அதற்கப்புறம் கொஞ்ச காலம் உங்களிடமிருந்து வாரம் தவறாமல் போன் வந்தது. பிறகு நின்றது. ஒருநாள் புதிய எண்ணிலிருந்து வீடியோ அழைப்பு. வயதான சிஸ்டர்கள் இருக்கும் இல்லத்தில் நர்ஸாக வேலை பார்க்கும் கேரளத்துப் பெண். நம் பக்கத்துப் பெண்கள் அங்கே ஊழியத்துக்குப் போகிற காலம் வந்துவிட்டது, பார்த்தீர்களா? உங்களுக்கு மறதி நோய் முற்றிவிட்டது என்றாள். "சேச்சி, காலையில இவங்க சொந்த பாஷை பேசும். ஊணு கழிச்சா தமிழ் மட்டும்தான். இங்க யாருக்கும் மனசிலாகல. எனக்குப் பாதி மனசிலாகும். ரோசலி, ரோசலின்னு சொல்லும். அதான் மடத்துல கேட்டு நம்பர் வாங்கினேன்." அங்கே மத்தியானச் சாப்பாடு முடிகிற நேரம் இங்கே மாடு கறக்கிற நேரம். அப்போதெல்லாம் போனை அடுப்புத் திட்டில் சாய்த்து வைத்துக்கொண்டு உங்களோடு பேசினேன்.

"ஊசி கொதிச்சிருச்சா ரோசலி?"

"கொதிச்சிருச்சுங்க சிஸ்டர்."

"வெளிய எத்தன பேரு இருக்காங்க?"

"நெறைய பேருங்க. நீங்க மெதுவா வாங்க."

மருந்தகம் பூட்டிக் கிடந்தது. உங்களிடம் நான் சொல்லவில்லை. சொன்னாலும் உங்கள் நினைவில் நிற்காது.

நீங்கள் போன சேதியும் அந்தப் பெண்ணிடமிருந்துதான் வந்தது. மடத்துக் கல்லறையில் அடக்கம் செய்தார்களாம். படம் அனுப்பினாள். வரிசையாக ஒரே அளவுச் சிலுவைகள், எல்லாவற்றின் மேலும் பனி. அங்கே மண் போடுவதற்குச் சின்னதாக ஒரு கரண்டி வைத்திருப்பார்களாம், கையில் அழுக்குப் படாது. இந்த ஊரில் எத்தனை குழிகளில் நீங்கள் வெறுங்கையால் மண் அள்ளிப் போட்டிருக்கிறீர்கள்! உங்கள் மேல் போட எங்களில் ஒரு கைகூட இல்லை. இங்கே ஒரு திருப்பலி வைத்தோம். "வயசான சாவு, நல்ல சாவுதான்" என்று சொல்லிவிட்டுக் கலைந்தார்கள். நான் உங்களுக்குச் சொந்தமில்லை, அதனால் என்னிடம் துக்கம் கேட்க யாரும் வரவில்லை. கௌடர் மட்டும் வந்தார். உட்கார்ந்திருந்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போனார்.

போன மாதம் புங்கமரத்தடியில் வேறொருவரைப் புதைத்தார்கள். கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த மனிதர், இரண்டு சின்னப் பிள்ளைகள். "அந்த எடம் இனி சிஸ்டருக்குத் தேவப்படாதில்லீங்களா?" என்று சாமியார் என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. ஆமாம் என்றேன். கடைசி நாளில் எல்லாரும் எழுந்திருப்போம் என்று ஞாயிறுதோறும் சொல்கிறார்கள். நானும் வாயசைக்கிறேன். எழுந்தாலும் நீங்கள் அங்கே எழுவீர்கள், நான் இங்கே எழுவேன். ஜெபத்துக்கு உட்கார்ந்தால் இப்போதெல்லாம் இதற்கு மேல் ஓடுவதில்லை.

உங்கள் கடைசி அழைப்பைப் பற்றி நான் வீட்டில்கூடச் சொல்லவில்லை. அன்றைக்குத் திரையில் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, "யாருங்க நீங்க?" என்றீர்கள். வாழ்நாள் முழுக்க 'நீ' என்று கூப்பிட்ட என்னை.

"மாரண்டஹள்ளிப் பக்கம்ங்க சிஸ்டர்."

உங்கள் முகம் மலர்ந்தது. "அப்படீங்களா? அங்க எங்க மருந்தகத்துல ரோசலின்னு ஒருத்தி இருக்கறா. தெரியுங்களா?"

"தெரியுங்க."

"அவளப் பாத்தா ஒண்ணு சொல்லுங்க. இவங்க என்ன வுட மாட்டேங்கறாங்க. ஆனா நான் வந்துருவேன். அந்தப் புங்கமரத்தடிய யாருக்கும் குடுத்துர வேணாம்னு சொல்லுங்க. மறந்துர மாட்டீங்களே?"

"மறக்க மாட்டேங்க சிஸ்டர். சொல்லிடறேன்."

நீங்கள் நிம்மதியாகத் தலையைச் சாய்த்துக்கொண்டீர்கள். அந்தச் சேதி அன்றிலிருந்து என்னிடமே இருக்கிறது. நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று நம்பிக்கொண்டு ஒரு ரோசலி இங்கே இருந்தால், அவளிடம் சொல்லியிருப்பேன். அப்படி ஒருத்தி இல்லை, சிஸ்டர்.

ரோசலி