வெற்றிலைத் தட்டில் வைத்த லைசன்ஸ்

என் கோபத்துக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை கலியமூர்த்திக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. அங்கே லாரி உண்டா, லோடு உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தால் ஒன்று மட்டும் சொல்கிறேன். யார் கேட்டாலும் ஒரிஜினல் லைசன்ஸைக் கொடுத்துவிடாதே. எமனே கேட்டாலும் ஜெராக்ஸ் கொடு.

சிரிக்காதே. இனி உனக்குச் சொல்லிப் பயனில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மந்தாரக்குப்பம் டீக்கடையில், ஹெவி லைசன்ஸ் எடுத்த கையோடு வந்து நிற்கிறவர்களில் தினம் யாராவது ஒருவர் என்னைக் கேட்கிறார். "லாங் ஓட்றதுக்கு எந்த மொதலாளிண்ணே நல்ல மொதலாளி?" பதினெட்டு வருடம் நாக்பூருக்கும் மும்பைக்கும் ஓட்டியவன் என்ற மரியாதை. மூன்று வருடத்துக்கு முன்னால் நீயும் இதையேதான் கேட்டாய். என் பதிலை நம்பினாய். நம்பியவனின் கதையை உனக்கு எழுதினால் அவர்களும் பக்கத்தில் நின்று படித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அப்போது நீ சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை. என்றைக்காவது பர்மனெண்ட் ஆக்குவார்கள் என்று காத்திருந்தாய். நான்தான் கேலி பேசினேன். "நீ பர்மனெண்ட் ஆவறதுக்குள்ள பல்லு கொட்டிப்பூடும். பல்லு இல்லாம குவாட்டர்ஸ்ல ஒக்காந்துகினு இன்னாத்தடா கடிக்கப்போற? என்கூட வா." உன் பெண்டாட்டி, என் தங்கை மஞ்சுளா, அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஷிப்ட் முடிஞ்சா இவரு வூட்டுக்கு வராருண்ணா. லாரிக்குப் போனா வருவாரா?"

"பொம்பளைக்கு ரோட்டப் பத்தி இன்னா தெரியும்?" என்று அதட்டினேன். அன்றைக்கு அந்த வீட்டில் உருப்படியான கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

நாம் முதலாளியைத் தேர்ந்தெடுத்த லட்சணம் உனக்கு நினைவிருக்கிறதா? கேபினில் ஏசி இருக்கிறதா என்று பார்த்தோம். டயரைக் கட்டை விரலால் அழுத்தினோம். பேட்டா எப்படி, ஆயுத பூஜைக்குப் புதுச்சட்டை உண்டா என்று விசாரித்தோம். பெண் பார்க்கப் போனவன் வீட்டுத் தரையில் போட்டிருக்கிற டைல்ஸைப் பார்த்துவிட்டு, சரி முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு வந்த மாதிரி.

உனக்குக் கொடுத்த லாரியை அதற்கு முன் ஓட்டியவன் யார், ஏன் நின்றான் என்று நாம் கேட்கவில்லை. நீ போனபிறகு நான் குறிஞ்சிப்பாடிக்குப் போய் அவன் வீட்டைத் தேடிப் பிடித்தேன். அவன் தறியில் உட்கார்ந்திருந்தான், தலையே நிமிரவில்லை. அவன் மனைவிதான் பேசினாள். "அவுரு வேலைய வுட்டுட்டு வரலீங்க, தப்பிச்சி வந்தாரு. லைசன்ஸு இன்னும் அங்கியே கெடக்குது. போயி கேக்கறதுக்கு பயந்துகினு கெடக்கறாரு." மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பஸ் டிக்கெட் வாங்கியிருந்தால் இதைக் கேட்டிருக்கலாம். புதிதாய் வருகிறவர்களே, முதலாளியின் ஆபீசுக்குப் போகும் முன் அவரிடம் வேலையை விட்டு நின்றவனின் வீட்டுக்குப் போங்கள். அவனைக்கூடப் பார்க்க வேண்டாம். அவன் மனைவியைப் பாருங்கள்.

நீ வேலையில் சேர்ந்த வெள்ளிக்கிழமை எனக்கு மறக்கவில்லை. வடலூர் ரோட்டில் அந்த ஆபீஸ். சாமி படம், கற்பூரம், தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், எலுமிச்சம்பழம். முதலாளி உன் தோளில் கை போட்டார். "மொதலாளின்னு கூப்புடாத. அப்பான்னு கூப்புடு. லைசன்ஸ தட்டுல வெய்யிடா புள்ள, சாமிகிட்ட வெச்சிக் குடுக்கறன்."

கற்பூரம் காட்டினார். எலுமிச்சம்பழம் டயருக்கு அடியில் போயிற்று. வெற்றிலையும் பழமும் உன் கைக்கு வந்தன. லைசன்ஸ் மேஜை டிராயருக்குள் போயிற்று. நீ திரும்பி என்னைப் பார்த்தாய். நான் கண்ணடித்தேன். "எல்லாருதும் அங்கதான் கெடக்குது, என்னுதும்தான். போன்ல படம் இருந்தா போலீஸ்காரன் வுட்டுடுவான், நீ வா." போலீஸ்காரன் விடுவான், சரி. இன்னொரு முதலாளி விடுவானா? ஒரிஜினல் எங்கே என்று கேட்பான். பழைய இடத்தில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவன் என்று அதிலேயே தெரிந்துகொள்வான். இந்த வட்டாரத்து முதலாளிகள் எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்.

அப்பா என்று கூப்பிடச் சொல்கிற முதலாளியின் வாசலை மிதிக்கவே கூடாது என்று இப்போது எல்லாரிடமும் சொல்கிறேன். அப்பாவிடம் லீவு கேட்டால் கோபித்துக்கொள்வார். ஆர்டர் கேட்டால் மனம் புண்படும். வேலைக்குச் சேர்ந்ததாக ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று எந்தப் பிள்ளையாவது அப்பாவிடம் கேட்பானா? நீயும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

கடைசி லோடு பண்ருட்டிப் பலா. மும்பைக்கு. இரண்டு டிரைவர் போகவேண்டிய தூரம். ஆபீஸ் பேப்பரில் இரண்டு பேர் இருந்தார்கள், கேபினில் நீ மட்டும் இருந்தாய். தும்கூர் தாண்டி, காலை பத்து மணிக்கு என்னைக் கூப்பிட்டாய். நான் வடலூரில் டீசல் போட்டுக்கொண்டிருந்தேன்.

"மச்சான், மாரு அடைக்கிற மாதிரி கீது. அப்பாகிட்ட சொன்னன். வாயுவா இருக்கும், சோடா குடின்றாரு. இங்க ஆஸ்பத்திரி போர்டு ஒண்ணு தெரியுது. ஓரங்கட்டட்டுமா?"

போன வாரம்வரை யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். நான் சொன்னது இதுதான். "பழம் கனிஞ்சிடும்டா. சோடாவக் குடிச்சிட்டு ஓட்டு. நடுவுல வண்டிய நிறுத்துனா அந்தாளு சும்மா வுடமாட்டாரு, லைசன்ஸு கைக்கு வராது."

"சரி மச்சான்" என்றாய்.

வாழ்நாளில் என் பேச்சை நீ இரண்டே விஷயத்தில்தான் கேட்டாய். இரண்டும் சேர்ந்து உன்னை முடித்துவிட்டன.

அரை மணி நேரம் கழித்து ஓரங்கட்டியிருக்கிறாய். ஆஸ்பத்திரி பின்னால் போய்விட்டது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாய். இண்டிகேட்டர் மினுக்கிக்கொண்டிருந்தது. அடுத்த வண்டிக்காரனுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்று அந்த ஊர் தாபாக்காரர் போனில் உன்னைப் புகழ்ந்தார். சாவுக்கு யாருடா சிக்னல் போடுவார்கள்?

விஷயத்தைச் சொன்னதும் முதலாளி கேட்ட முதல் கேள்வி, "பழம் இன்னா கதியில கீது?" அன்றைக்குச் சாயங்காலமே ஹூப்ளியிலிருந்து வேறு லாரி வந்து பழத்தை மாற்றி ஏற்றியது. மறுநாள் பழம் மும்பை போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்கும் மறுநாள்தான் நீ வந்தாய். பலாப்பழத்துக்கு இருந்த அவசரம் உனக்கு இல்லை.

நீ வருவதற்கு முன்பே தெருமுனையில் ஃபிளெக்ஸ் வந்து நின்றது. ஆளுயரம். கண்ணீர் அஞ்சலி என்று போட்டு மேலே உன் முகம், கீழே முதலாளி கைகூப்பிக்கொண்டு. பெரிய மாலையோடு வந்து கேவிக் கேவி அழுதார். "எவ்ளோ நல்ல மனுசன்" என்று பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். மஞ்சுளா மட்டும் ஃபிளெக்ஸையே பார்த்தாள். "இந்தப் போட்டோ ஏதுண்ணா? நம்ம வூட்ல இல்லியே" என்று கேட்டாள். நான் முதலாளிக்கு நாற்காலி எடுத்துப் போடப் போனேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மஞ்சுளா ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தாள். வேலையில் இருக்கும்போது இறந்ததற்கு இழப்பீடு கேட்டு மனு போட்டாள். "ஆர்டர் இருக்குதா, சம்பளச் சீட்டு இருக்குதா, எதுனா ஒரு துண்டுக் காகிதம்?" என்று வக்கீலம்மா கேட்டிருக்கிறார். ஒன்றும் இல்லை. "எங்க அண்ணன் சாட்சி சொல்லும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள் உன் பெண்டாட்டி.

அந்த வாரமே முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேஜைமேல் அதே தட்டு. தட்டில் என் லைசன்ஸ். பக்கத்தில் டைப் அடித்த காகிதம். கலியமூர்த்தி எங்கள் டிரைவரே இல்லை, ஒரு டிரிப்புக்கு மாற்றாளாக, ஆக்டிங் டிரைவராக, ஆறுமுகம் தானாகவே அனுப்பி வைத்தான் என்று அதில் இருந்தது. "நீதான கூட்டியாந்து சேத்து வுட்ட? அதத்தான் எழுதிக்கீது. பொய்யா?" என்றார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். குழியில் உன்னைத் தள்ளி, மண் போட என்னைக் கூப்பிட்டார்.

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். என் சதை ஆடவில்லை, மாப்ள. கை ஆடாமல் கையெழுத்துப் போட்டேன். லைசன்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வரும் வழியில் தெருமுனையில் கிழிந்து தொங்கிய உன் ஃபிளெக்ஸையும் அவிழ்த்து எடுத்துவந்தேன். துக்கத்தில் அல்ல. என் ஆட்டுக் கொட்டகை ஒழுகிக்கொண்டிருந்தது. படம் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி விரித்துக் கட்டினேன். எல்லா ஊரிலும் செத்தவர்களின் ஃபிளெக்ஸ் கடைசியில் இதற்குத்தான் ஆகிறது.

போன வாரம் மத்தியானம் நல்ல மழை. குட்டிகள் நனைகின்றனவா என்று பார்க்கக் கொட்டகைக்குள் குனிந்து போனேன். நிமிர்ந்தால் நீ. தலைக்கு ஒரு முழம் மேலே, என்னைப் பார்த்துக்கொண்டு. நீலக் கட்டம் போட்ட சட்டை. அது என் சட்டை. ஹெவி லைசன்ஸுக்குப் போட்டோ எடுத்த அன்று, நல்ல சட்டை இல்லை என்று என்னிடம் வாங்கிப் போட்டுக்கொண்டு போனாய். உன் போனை விட்டால் அந்தப் படம் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் உண்டு, உன் லைசன்ஸில். அது இருந்தது அவர் டிராயரில்.

படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், "எங்கள் நிறுவனத்தின் அன்பு ஓட்டுநர்". அதற்கும் கீழே அவர் கைகூப்பிச் சிரிக்கிறார். ஊர் மெச்ச வேண்டுமே! அந்த ஆசையில் வக்கீலம்மா தேடிய காகிதத்தை அவரே ஆளுயரத்துக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். நான் அதை ஆட்டுக்குக் கூரையாகப் போட்டிருக்கிறேன்.

நனைந்துகொண்டே மஞ்சுளாவிடம் போனேன். அவள் இப்போது டவுன்ஷிப்பில் நாலு குவாட்டர்ஸில் பாத்திரம் துலக்குகிறாள். அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தாள். சோடாவைக் குடித்துவிட்டு ஓட்டு என்று உன்னிடம் சொன்னதிலிருந்து கையெழுத்துவரை எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன், அடிக்கவில்லை.

"எப்போ கையெழுத்து போட்ட?"

"காரியம் முடிஞ்ச வாரம்."

"அன்னிக்கு சாயங்காலம் எங்க வூட்ல வந்து காபி குடிச்சியே."

அவளே மேலே சொன்னாள். "மொதல்ல அவர ஆட்டுக் கொட்டாயிலேர்ந்து எறக்கு. மத்தது அப்புறம் பேசலாம்."

இறக்கிக் கொடுத்தேன். தெருக்குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். உன் முகத்தைக் கையாலேயே தேய்த்தாள். முதலாளியின் முகத்தைத் தென்னை விளக்குமாற்றால் தேய்த்தாள். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன். "தேவையில்ல, வுடு" என்றாள்.

திங்கட்கிழமை கடலூர் லேபர் ஆபீசில் விசாரணை. ஃபிளெக்ஸைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு நான் போகிறேன். கையெழுத்து என்னுடையது, எழுதியது பொய் என்று சொல்வேன். பொய்க்குக் கையெழுத்துப் போட்டதற்கு எனக்கும் தண்டனை வரலாம் என்று வக்கீலம்மா எச்சரித்தார். வரட்டும். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் எவனும் எனக்குச் சாவி தரமாட்டான். என் லைசன்ஸ் என் பையில்தான் இருக்கும், ஓட்ட வண்டி இருக்காது.

உன் பெண்டாட்டிக்கு நியாயம் கிடைக்கும்வரை அந்த ஆபீஸ் படியிலிருந்து இறங்கமாட்டேன். இது சத்தியம். டீக்கடையில் கேட்கிறவர்களுக்கும் இனி மழுப்பாமல் சொல்வேன். எந்த முதலாளி நல்ல முதலாளி என்று கேட்காதே தம்பி, நெஞ்சு வலிக்கிறது என்றால் வண்டியை நிறுத்து என்று சொல்கிறவன் எவன் என்று கேள். அப்படி ஒருவனை நான் இதுவரை பார்க்கவில்லை. நானும் அப்படி ஒருவனாக இருக்கவில்லை.

அன்றைக்கு நீ போனில் கேட்டதற்கு, நாலு மாதம் கழித்து இப்போது பதில் சொல்கிறேன். ஓரங்கட்டுடா மாப்ள. பழம் நாசமாப் போவட்டும்.

இப்படிக்கு,
உன் பெண்டாட்டி இன்னும் மறுபடி அண்ணா என்று கூப்பிடாத,
உன் மச்சான் ஆறுமுகம்