வேண்டாம் கட்சி

பிப்ரவரி 10, 2017

வெள்ளிக்கிழமை மீன் சாப்பிடப் பாருக்குப் போனால் அங்கேயும் நிம்மதி இல்லை. தங்கை ஜனீன் மேசை மேசையாகப் போய்த் துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டிருக்கிறாள். ஊருக்குப் புதுப் பள்ளிக்கூடம் கட்ட வேண்டுமாம். ஏப்ரலில் நாங்கள் எல்லோரும் வாக்களிக்க வேண்டுமாம். ஜெயித்தால் இருபது வருடத்துக்குச் சொத்து வரி ஏறும். யாருக்கு? கைக்குட்டை அளவு புல்தரையோடு ஒரு வீடு வைத்திருக்கும் அவளுக்கா? நிலம் வைத்திருக்கும் என் தலையில்தான் விழும். மாடுகளை விற்றாகிவிட்டது. குத்தகைப் பணம் வரிக்கும் வயிற்றுக்கும் சரியாகப் போகிறது. இதற்கு மேல் ஏறினால் ஓடையோர நாற்பது ஏக்கரை விற்க வேண்டியதுதான். கார்ட்னரும் நானும் கல்யாணம் ஆன வருடம் குனிந்து குனிந்து கல் பொறுக்கிய நிலம். அவர் போய்விட்டார், அது இருக்கிறது.

"அக்கா, குழந்தைங்க குளிர்ல கோட்டு போட்டுக்கிட்டு கிளாஸ்ல உக்காந்திருக்குங்க."

"நாமளும் அப்படித்தான் உக்காந்தோம். செத்தா போயிட்டோம்?"

மேசையே சிரித்தது. அவள் முகம் சிவந்தது. சிவக்கட்டும்.

பிப்ரவரி 11

சீட்டை அடுப்பில் போட்டேன். வழவழப்புத் தாள், சரியாக எரியக்கூட இல்லை.

மார்ச் 7

பள்ளி விளையாட்டுக் கூடத்தில் கூட்டம். பள்ளி வட்டாரக் கண்காணிப்பாளர் டாக்டர் கெட்லர் படம் காட்டினார். டாக்டராம்! ஒரு கன்றுக்குட்டியின் பேதியை நிறுத்தத் தெரியாது. பள்ளியைச் சூடேற்றும் பழைய கொதிகலன் படம், ஓட்டைக் கூரைப் படம். பிறகு வரப்போகும் கட்டடம்: நட்ட மறுநாளே வளர்ந்துவிட்ட மரங்கள், பற்பசை விளம்பரத்துக்குச் சிரிப்பதுபோல் சிரிக்கும் குழந்தைகள். மாடியில் சுற்றி நடப்பதற்கு ஒரு பாதை வேறு. நடப்பதற்கு! வெளியே விஸ்கான்சின் முழுக்கச் சும்மா கிடக்கிறது.

பக்கத்துப் பண்ணை ஆரின் எழுந்து, "ஐயா, இந்த நடைபாதையில மாடு மேய்க்கலாமா?" என்றான். அவ்வளவுதான், சிரிப்பு. கெட்லர் கையை உயர்த்தி, "தயவுசெஞ்சு கடைசிப் படம் வரைக்கும் இருங்க, முக்கியமானது அதுலதான் இருக்கு" என்று கெஞ்சினார். நான் கோட்டை மாட்டிக்கொண்டு எழுந்தேன். பாதிக் கூட்டம் என் பின்னாலேயே வந்தது.

வெளியே பனியில் நின்று ஆரின் என் தோளைத் தட்டினான். "நீ தேர்தல்லயே நின்னிருக்கணும், ஆர்லிஸ்."

உண்மைதான்.

மார்ச் 26

வாசலில் 'வேண்டாம்' பலகை நட்டாகிவிட்டது. சர்ச் முடிந்ததும் எப்போதும் சாப்பிட வரும் ஜனீன், காரை மெதுவாக்கிப் பலகையைப் பார்த்துவிட்டு நேரே போய்விட்டாள். அடுப்பில் வைத்த மாட்டிறைச்சி இரண்டு பேருக்கு. நாய்க்குப் போட்டேன். ரோஷத்தில் ஒன்றும் குறைச்சல் இல்லை அவளுக்கு.

ஏப்ரல் 4

ஜெயித்தோம். நன்றாகவே ஜெயித்தோம். ஆரின் எல்லோருக்கும் பிராந்தி வாங்கிக் கொடுத்தான் – ஆரின்! காசை எடுக்கவே பயப்படுகிற ஆள்.

ஏப்ரல் 5

ஜனீன் போன் செய்தாள்.

"சந்தோஷமா?"

"ஆமா."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 21

மான் வேட்டை வாரம். மழையும் பனியும் மாறி மாறிக் கொட்டி, விளையாட்டுக் கூடக் கூரை ஒரு பக்கம் இறங்கிவிட்டது. நல்லவேளை, உள்ளே யாரும் இல்லை. 'ஓட்டைக்குக் கீழே வாளி வைத்தால் போதும்' என்று பாரில் ஒரே கேலி. டாக்டர் வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு கிளம்பிவிட்டார். அங்கே போய்ப் படம் காட்டட்டும்.

ஜனவரி 16, 2018

கூரையைச் சரிசெய்யப் பணமில்லை என்று பள்ளி வாரியம் கையை விரித்துவிட்டது. கோடையோடு எங்கள் பள்ளி இழுத்து மூடப்படும். எங்கள் வட்டாரத்தைப் பக்கத்து ஊர் மார்ல்டனோடு சேர்த்துவிடுவார்களாம். மார்ல்டன்! நாங்கள் கால்பந்தில் ஜெயித்தாலும் தோற்றாலும் கைகுலுக்காமல் வந்த ஊர். போகட்டும். பிள்ளைகள் பஸ்ஸில் போய்வருவார்கள். என் நிலம் என் கையில்.

டிசம்பர் 14, 2018

வரி பில் வந்தது. தப்பாக அச்சாகியிருக்கும் என்று கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். கெட்லர் கேட்டதைவிட அதிகம். எப்படி? வேண்டாம்னுதானே போட்டோம்? வேண்டாம்னா வேண்டாம்தானே?

வேறு வழியில்லாமல் ஜனீனைக் கூப்பிட்டேன்.

"மார்ல்டன்ல அஞ்சு வருஷம் முன்னாடி கடன் வாங்கிப் பள்ளிக்கூடம் கட்டினாங்கல்ல, நீச்சல் குளத்தோட? இப்போ அந்த வட்டாரத்துல நாமளும் சேந்துட்டோம். அந்தக் கடன்ல நமக்கும் பங்கு இருக்குக்கா."

"ஒருத்தரும் சொல்லலையே!"

"கெட்லர் சொன்னார். கடைசிப் படத்துல. நீதான் அதுக்குள்ள பாதி ஊரைக் கூட்டிக்கிட்டு வெளிய போயிட்டே."

பில்லை மடித்து உறைக்குள் வைத்தேன்.

"சீட்டுலயும் போட்டிருந்தோம்" என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

டிசம்பர் 15

ஆரின் வந்தான். "மார்ல்டன்காரங்க எல்லாம் திருட்டுப் பசங்க. கேஸ் போடலாம், வா."

"வீட்டுக்குப் போடா" என்றேன். இந்த மண்டூகம் பேச்சையா கேட்டேன்? இல்லை. அவன்தான் என் பேச்சைக் கேட்டான்.

மார்ச் 19, 2019

ஓடையோர நாற்பது ஏக்கரும் போயிற்று. சிகாகோக்காரன் ஒருவன் மான் சுட வாங்கியிருக்கிறான். கல்லே இல்லாத நல்ல நிலம் என்று என்னிடமே பெருமை பேசினான். கையெழுத்துப் போடும்வரை கண்ணீர் வராமல் பார்த்துக்கொண்டேன். பிறகு காரில் உட்கார்ந்து அழுதேன்.

ஏப்ரல் 9

காலையில் ஜனீன் ஹாரன் அடித்தாள். "வாக்கா. மார்ல்டன் நீச்சல் குளத்துல காலைல வயசானவங்களுக்கு நேரம் ஒதுக்கியிருக்காங்க. வட்டாரத்துக்காரங்களுக்கு இலவசமாம்."

இலவசமாம்!

வாசல் மேசையில் இருந்த பெண், "நம்ம பள்ளி வட்டாரமா நீங்க?" என்றாள். "ஆமா" என்றேன்.

தண்ணீர் இதமாகத்தான் இருந்தது. முட்டி வலியே தெரியவில்லை. ஜனீன் முன்னால் வாத்து மாதிரி நீந்திப் போனாள், நான் பின்னாலேயே போனேன். நாற்பது ஏக்கர் கொடுத்து வாங்கிய தண்ணீர், சும்மா விடுவேனா? வெள்ளிக்கிழமையும் வந்து கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன்.