மார்கழியில் நீ ஏற்றிவைத்த வேகம்

இன்று மதியம் மறுபடியும் அந்த வாடை. சூடேறிய தூசியும் உப்புக்காற்றும் கலந்து கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளிருந்து வரும் வாடை. அது வந்தால் அடுத்து என்ன என்று எனக்குத் தெரியும். திரை நீலமாகி, பெட்டி நின்றுபோனது. மகளின் காதுகுத்து பேனருக்காக விம்கோ நகர்க்காரர் ஒருவர் வாசலில் காத்திருந்தார். மனசுக்குள் உன்னைக் கண்டபடி திட்டினேன். செத்துப்போன புருஷனைத் திட்டக்கூடாதாம், உன் தங்கை சொல்கிறாள். அவளா இந்தப் பெட்டியோடு மாரடிக்கிறாள்?

நான் பேனர் டிசைன் செய்துதான் இப்போது வீடு ஓடுகிறது. அது உனக்குத் தெரியாது. நீ இருந்தபோது அது என் கைச்செலவுக்கான வேலை. படங்கள் திறக்க நேரமாகிறது என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். ஹார்பர் யார்டில் டிரெய்லர் மெக்கானிக்காக இருந்த உனக்கு அது போதாதா? "வண்டி இன்னா ஸ்பீடு போவும்னு கம்பெனிக்காரன் சொல்றத நம்பாதமே. எப்பவும் கொஞ்சம் அடக்கித்தான் வெச்சிருப்பான்" என்றாய். கம்ப்யூட்டருக்கு மூளையான பிராசசரும் அப்படித்தானாம். அடக்கி வைத்ததை அவிழ்த்துவிடுவதற்குப் பெயர்தான் ஓவர்கிளாக்.

சொல்லிக்கொடுத்தவரைக்கும் ஒழுங்காகத்தான் சொன்னாய். பெட்டியை ஆன் செய்ததும் பயாஸ் என்ற பக்கத்துக்குள் போக வேண்டும். பிராசசரின் வேகத்தைப் பெருக்கும் எண் ஒன்று அங்கே இருக்கும். அதை ஒரு படி ஏற்ற வேண்டும். ஏற்றினால் அது வோல்டேஜ் கூடுதலாகக் கேட்கும், வோல்டேஜ் கூடினால் சூடும் கூடும். ராம் என்கிற மெமரி விஷயம் வேறு. அட்டையில் போட்டிருக்கும் வேகத்தில் அது தானாக ஓடாது, நாம்தான் அந்த செட்டிங்கைப் போட்டுவிட வேண்டும். எதைத் தொட்டாலும் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும், ஒரு படி மட்டும். சோதனை ஓட்டிப் பார்த்து, தாங்கினால்தான் அடுத்தது.

சொன்னது நீ. செய்தது? பிராசசர், வோல்டேஜ், ராம் மூன்றையும் ஒரே காலையில் ஏற்றினாய். கேட்டதற்கு, "ஒண்ணொண்ணா ஏத்திகினு இருந்தா பொழுது பூடும்" என்றாய். அதுவும் மார்கழியில்! பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றி, கடல்பக்க ஜன்னலைத் திறந்து, டேபிள் ஃபேனை உள்ளே பார்த்துத் திருப்பிவைத்துவிட்டு, "பாத்தியா, ஜில்லுனு கீது" என்று சிரித்தாய். திருவொற்றியூரில் கத்திரி வெயில் என்று ஒன்று வரும் என்பது உனக்குத் தெரியாதா? அந்த ஃபேன் உப்பையும் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பலையும் வாரி உள்ளே கொட்டியது. வெயில் வந்ததும் பெட்டி நிற்க ஆரம்பித்தது. மூன்றையும் சேர்த்து ஏற்றியதால் குற்றவாளி எது என்று உனக்கே தெரியவில்லை.

"இன்னாய்யா பண்ணி வெச்சிகீற?" என்று கத்துவேன். நீ என்னைப் பார்க்க மாட்டாய். திரையின் ஓரத்தில் ஓடும் சூட்டின் அளவைப் பார்த்து, "தாங்கும்மே" என்பாய்.

பிராசசரின் சூட்டை நிமிஷத்துக்கு ஒருதரம் பார்த்த மனுஷன், நெஞ்சைத் தடவிக்கொண்டே யார்டிலிருந்து வந்து, "கேஸ் ட்ரபுளுதான், பேஜாரு பண்ணாத" என்று படுத்தாய், அப்புறம் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உன் கண்ணீர் அஞ்சலி பேனரையும் நான்தான் செய்தேன். உன் மீசை வரைக்கும் சரிசெய்து முடித்த நேரத்தில் பெட்டி நின்றுவிட்டது. அழுதுகொண்டே மறுபடி முதலிலிருந்து செய்தேன்.

இன்று சர்வீஸ்காரருக்குப் போன் போட்டேன். "எல்லாத்தையும் ரீசெட் பண்ணிடுக்கா, கம்பெனி செட்டிங்குக்குப் பூடும்" என்றார். ஒரே பட்டன்தான். பயாஸுக்குள் போனேன். நீ போட்ட எண்கள் வரிசையாக இருந்தன. அழுத்திவிட்டால் ஒன்றுகூட மிஞ்சாது. அழுத்தாவிட்டால் வாசலில் நிற்பவர் வேறு கடைக்குப் போய்விடுவார், திரும்பி வர மாட்டார். "சாயங்காலம் வாண்ணா, ரெடியா இருக்கும்" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

பிறகு நீ செய்ததை விட்டுவிட்டு, நீ சொன்னதைச் செய்தேன். பிரஷ்ஷால் சாம்பலைத் தட்டிவிட்டு, தகட்டை மூடி ஓட்டிப் பார்த்தேன்; நின்றுபோனது. அடுத்து ராமை மட்டும் இறக்கிச் சோதனை ஓட்டினேன். நின்றுபோனது. சரி, தப்பு ராமில் இல்லை என்று அதைப் பழையபடி ஏற்றிவைத்தேன். பிறகு பிராசசரை ஒரு படி இறக்கி ஓட்டினேன். நிற்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஓட்டினேன். அப்போதும் நிற்கவில்லை. உனக்கு ஒரு காலைப்பொழுது பொறுமை இருந்திருந்தால் இத்தனை வருஷம் நான் கத்தியிருக்க வேண்டியதில்லை.

சாயங்காலம் வந்தவர் பக்கத்தில் நின்று, நான் பேனரை முடிப்பதைப் பார்த்தார். "மிஷினு சோக்கா ஓடுதேக்கா, யாரு செட் பண்ணது?"

"எங்க வூட்டுக்காரு" என்றேன்.

உன்னை நான் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவேன். அடுத்தவர் முன்னால் விட்டுக்கொடுக்க மட்டும் இன்னும் மனசு வரவில்லை.