வெள்ளையாக விட்ட இடம்

என் செல்ல வாலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் அவருடைய முட்டிவலியும் சௌக்கியம், மூன்று பேரும் ஒரே வீட்டில் ஒருவழியாகக் காலம் தள்ளுகிறோம். நீ அந்த மேய்ச்சல் மேட்டில் சௌக்கியமா என்று கேட்கவே வேண்டாம், நீ அனுப்பிய படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆட்டுக்காரம்மா தோளில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு, அப்படி ஒரு தூக்கம். பிள்ளை எவ்ளோ நிம்மதியா தூங்குறா பாரு என்று அப்பா அதை ஃபிரிட்ஜ் கதவில் வேறு ஒட்டினார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் அதன்மேல் பல் டாக்டர் சீட்டைச் செருகிவிட்டேன். உன் முகம் தெரியும்படி, அவள் முகம் தெரியாதபடி.

பொறாமைதான், பெற்ற பிள்ளையிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. நாலு பக்கம் எழுதினால் மூன்றரைப் பக்கம் அவள்தான். காற்றை மோந்தே மழை சொல்கிறாளாம், இருநூறு ஆட்டையும் முகம் பார்த்து அடையாளம் சொல்கிறாளாம், உனக்குத் தலை வாரிவிட்டாளாம். நான் சீப்பை எடுத்தாலே கட்டிலுக்கடியில் ஒளிந்த கழுதை நீ. அவளிடம் மட்டும் தலையைக் கொடுத்துவிட்டுச் சமர்த்தாக உட்கார்ந்தாயாக்கும். எனக்கு வயிறு எரிந்தது.

மேய்ச்சல் நிலம் பற்றி ஊராருக்குப் புரிவதற்காக நீ எழுதிய அறிமுகத்தையும் படித்தேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் பேனாவோடு உட்கார்ந்தேன், கிடைத்தது மூன்று எழுத்துப்பிழை. மேலே முழங்கால் உயரப் புல், கீழே ஆள் ஆழத்துக்கு வேர், அந்த வேர்தான் மழையைப் பிடித்து மண்ணுக்குள் இறக்குகிறது, கீழே இருக்கிற ஊர்க் கிணறுகளில் ஊறுவதும் அந்தத் தண்ணீர்தான் என்று எழுதியிருந்தாய். ஆடுகள் கடித்துவிட்டு நகர்ந்தால் புல் மறுபடி தழைக்கும், ஒரே இடத்தில் அடைத்தால் மொட்டையாகும், அதனால்தான் மந்தைக்காரர்கள் இடம் மாறுகிறார்கள், ஊர் சுற்றும் ஆசையில் இல்லை. உழுதால் வேர் செத்து மண் புழுதியாகப் பறந்துவிடும். அங்கே மரம் நட்டாலும் கெடுதல் என்றதை மட்டும் அப்பா நம்பவில்லை, அது நாலாவது எழுத்துப்பிழை என்றார். வெயிலில் வாழ்கிற புல் நிழலில் செத்துப்போகும் என்று நான்தான் புரியவைத்தேன். அவளுக்கு வக்காலத்து வாங்குகிறோமே என்று அப்போதே என்மேல் எனக்குக் கோபம் வந்தது.

கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நீ கேட்டதற்கு வருகிறேன். அந்த மேட்டைக் காலி நிலம் என்று சொல்லி சர்க்காரில் வேலி போட்டு உழக் கொடுக்கப் போகிறார்கள், அவர்கள் காட்டும் ஆதாரம் பழைய வரைபடம், அதில் அந்த மேடு நிறமே இல்லாமல் வெள்ளையாக இருக்கிறது, மூலையில் வரைந்தவள் என்று இருப்பது நில அளவை ஆபீசில் வேலை பார்த்தபோது நான் போட்ட கையெழுத்து, அந்த வெள்ளைக்கு அர்த்தம் எழுதிக் கொடு என்றாய். கடிதத்தைப் பதினோரு நாள் தையல் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். நிலம் போனால் மந்தை போகும், அவளும் எங்கேயாவது போவாள், நீ வீட்டுக்கு வந்துவிடுவாய். உன் அறை ஜன்னலைக்கூடத் துடைத்து வைத்தேன், சீ, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நேற்று பல் டாக்டரிடம் போக அந்தச் சீட்டை உருவினேன், அவள் முகம் தெரிந்தது. அவள் தூங்கவில்லையடி. நீ விழித்துவிடக் கூடாதென்று தோளை அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், கை மரத்துப்போய் விரல்களை விரித்து வைத்திருக்கிறாள். அந்த மரப்பு எனக்குத் தெரியும். பஸ்ஸில், ஆஸ்பத்திரி பெஞ்சில், உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படித்தான் இருந்திருக்கிறேன்.

டாக்டரிடம் போகவில்லை, நேரே பழைய ஆபீசுக்குப் போனேன். அந்த மேட்டை அன்று அளந்தவரின் குறிப்பேட்டை ஆவண அறைக்காரர் தேடிக் கொடுத்தார். முப்பது குடும்பம், கோடையில் மேலே, குளிரில் கீழே, மூன்று நீர்க்குழி என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அன்று அதை எடுத்துக்கொண்டு என்ன நிறம் அடிக்கட்டும் என்று தலைமை வரைவாளரிடம் நான் கேட்டதும் ஞாபகம் வந்தது. பயிருக்குப் பச்சை, காட்டுக்குக் கரும்பச்சை, இதுக்கு நம்மகிட்ட கலர் இல்லம்மா, வெள்ளையா விட்டுடு என்றார். நீ வயிற்றில் ஏழு மாதம், வீட்டுக்குப் போகிற அவசரம், விட்டுவிட்டேன். ஆள் இல்லாமல் இல்லை, எங்களிடம் நிறம் இல்லை, அவ்வளவுதான். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டு, குறிப்பேட்டின் நகலோடு இதில் வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி விசாரணைக்கு மறக்காமல் எடுத்துப் போ.

நிலம் நிலைக்கட்டும், நீயும் நன்றாக இரு, தொண்டையைக் காற்றில் காட்டாதே. இனி சாய்வதாக இருந்தால் தோளை மாற்றி மாற்றிச் சாய், அவளுக்கும் வலிக்கும். பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை, அதற்கு நீதான் ஒரு நடை வந்துவிட்டுப் போக வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்
(அவள் இல்லை, நான்)